கிளைவின் உயரம்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில், ஈகிள்ஹாக் பகுதியில் தான் பிறந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எழுபத்தெட்டு வயது நோரீன் பையில் ரம்பத்தை வைத்துக்கொண்டு மெல்போர்னில் ரயிலேறிவிட்டாள். சமையலறைக் கதவுநிலையில் அவளுடைய தம்பி கிளைவின் உயரத்தை அப்பா ஒவ்வொரு பிறந்தநாளன்றும் பென்சிலால் குறித்து, பக்கத்தில் ஆண்டையும் எழுதுவார். மொத்தம் ஏழு கோடுகள். ஏழு வயதில் கிளைவ் பழைய தங்கச் சுரங்கக் குழியில் விழுந்து இறந்தான். அந்த மரத்தை அறுத்து எடுத்துப்போகத்தான் அவள் வந்திருந்தாள்.

நிலையில் எட்டாவது கோடு இருந்தது. ஒன்பதாவதும் இருந்தது. இருபது வயதுவரை ஏறிய கோடுகள் அதன்பின் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்தன. அறுபதுக்கு மேல், வயதானவர்களுக்கு ஆவதுபோல, மெல்லக் கீழே இறங்கியிருந்தன. கடைசிக் கோடு போன வருடத்தது.

"நாங்க யாரும் கிறுக்கல," என்றான் வீட்டின் இப்போதைய சொந்தக்காரன் ட்ரென்ட். "ஆறு வருஷமா பூட்டித்தான் கிடக்கு. விட்டுடுங்க நோரீன், எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

நோரீன் முழங்காலிட்டு, நிலையின் அடியில் தரையை ஒட்டி ரம்பத்தின் பல்லைப் பதித்தாள்.

"அந்தப் பக்கம் பிடி, கண்ணு. வியாழக்கிழமை அவன் பிறந்தநாள். அதுக்குள்ள இதை என் வீட்டுல நிறுத்தியாகணும். இல்லாட்டி அவன் எங்க வந்து நிப்பான்?"