வெந்நீர் அடுப்புக்கு வந்த புகார்

கள்ளிக்குப்பத்தின் அந்தச் சந்தில் வண்டியை நிறுத்தும்போதே ஸ்ரீகாந்துக்குப் புகை கண்ணைக் கரித்தது. அந்த வார்டுக்கு அவன்தான் மாநகராட்சி சூப்பர்வைசர். வீட்டு வாசலில் பிளைவுட் எரிக்கிறார்கள் என்று மாநகராட்சியின் மொபைல் ஆப்பில் போட்டோவோடு புகார் வந்திருந்தது.

எரித்துக்கொண்டிருந்தவள் நாகவல்லி. மார்கழிக் குளிருக்கு வீட்டில் ஐந்து பேர் குளிக்க வெந்நீர் வேண்டும். கேஸ் சமையலுக்கே இழுத்துப் பிடித்துத்தான் வருகிறது. பக்கத்துத் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் தூக்கிப் போடும் பேக்கிங் கட்டைகளைப் பொறுக்கி வந்து, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்திருந்தாள்.

பிளைவுட், பெயின்ட் அடித்த கட்டை எல்லாம் எரிக்கக் கூடாது, இந்த முறை எச்சரிக்கை, அடுத்த முறை அபராதம் என்று ஸ்ரீகாந்த் பொறுமையாகத்தான் சொன்னான்.

"வெந்நி வைக்கறது ஒரு குத்தமா சார்? இன்னா, கொலையா பண்ணிட்டேன்?" என்றவளுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமினாள், நிற்கவே இல்லை. மருமகள் யுவராணி தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள்.

மூச்சு திரும்பியதும் நாகவல்லி கேட்ட முதல் கேள்வி, "எவ சார் கம்ப்ளெய்ன்ட் குட்த்தா?"

அதெல்லாம் சொல்லக் கூடாது என்று ஸ்ரீகாந்த் மழுப்பினான்; அவனிடமும் பெயர் இல்லை, போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. அவள் விடுவதாயில்லை. போட்டோ எடுத்த கை அழுகிப் போகும் என்று ஆரம்பித்து, தெருவே கேட்கத் திட்டினாள்.

எதிர்வீட்டு வனஜா வெளியே வந்தாள். அவளுக்கும் நாகவல்லிக்கும் இருபது வருஷப் பழக்கம்.

"நான்தான் குட்த்தேன் நாகு. திட்றத என் மூஞ்சிக்கு நேரா திட்டு."

நாகவல்லி குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டி, மூன்று கல்லையும் காலால் தள்ளினாள். "இனிமே என் ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஸ்ரீகாந்துக்கு வனஜாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் பழகியவள் நேரில் சொல்லியிருந்தால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? இருந்தாலும் வேலை வேலைதானே. புகாரை முடித்துவைக்க, கொடுத்தவரின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அவள் வாசலுக்குப் போய்க் கேட்டான்.

"என்கிட்ட கீறது பட்டன் போன் தம்பி. அதுல ஏது ஆப்பு?"

குழம்பிப் போய், புகாரில் இருந்த நம்பருக்கு அடித்தான். நாகவல்லியின் வீட்டுக்குள் போன் மணி கேட்டது. உடனே கட் ஆனது.

சற்று நேரத்தில் யுவராணி துணி உலர்த்துகிற சாக்கில் வெளியே வந்து, ஓடிபியின் நான்கு எண்களை அவனிடம் முணுமுணுத்தாள். வனஜாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சட்டென்று உள்ளே ஓடினாள்.

"பொகையே ஆவாதுன்னு டாக்டர் ரெண்டு வாட்டி சொல்லிட்டாரு. மாமியாக்காரி கேட்டாத்தானே? இந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து அழுவுது. கம்ப்ளெய்ன்ட் போட்றுன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் வனஜா.

"அதுக்காக, நீங்க குடுத்ததா ஏம்மா சொன்னீங்க?"

வனஜா எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கூடப் பேசலன்னா நான் என் ஊட்ல இருந்துப்பேன் தம்பி. அந்தப் பொண்ணு எங்க போவும்?"