எட்டு எண்ணும் வரை

இன்னும் இரண்டு நிமிடத்தில் அந்த இடம் வந்துவிடும்.

தங்கை நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். வயது அறுபத்தொன்று. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து முதுகு வளைந்திருக்கிறது. ஆனால் அண்ணன் எழுதிய ஒரே சிம்பொனியைக் கேட்க முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தவளுக்கு முதுகாவது ஒன்றாவது.

எழுபது வாத்தியங்களும் கூரையைப் பெயர்க்கிற மாதிரி முழங்கிவிட்டுச் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணும் வரை பொட்டுச் சத்தம் இருக்காது. பிறகு ஒற்றை வயலின், மெல்ல, மூன்று நிமிடம். அண்ணன் உயிரைக் கொடுத்து எழுதியது அந்த மூன்று நிமிடத்தைத்தான்.

முதல் கச்சேரியில் அந்த எட்டுக்குள் அரங்கமே கைதட்டிவிட்டது. முடிந்துவிட்டதென்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். அந்தச் சந்தடியில் வயலின் யார் காதிலும் விழவில்லை. முடிக்கத் தெரியாதவர் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

“கண்டக்டர் கையை இறக்கிட்டான். கை மேல இருந்தா எவன் தட்டுவான்?”

சாகும்வரை அண்ணன் பார்த்தவரிடமெல்லாம் இதையேதான் சொன்னார். அந்த இசை நடத்துநரோ பெரிய மனிதர், பலருக்குக் குரு. அவரையே ஏசியவரின் இசைக்குறிப்பு நோட்டை அப்புறம் எந்த நடத்துநரும் தொடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இப்போது மேடையில் நிற்கும் இளம்பெண்தான் அந்த நோட்டைத் தேடி வீட்டுக்கே வந்தவள். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று அவள் கேட்டபோது, தங்கை டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முழக்கம் நின்றது.

நடத்துநரின் இரண்டு கைகளும் காதுக்கு மேலே நின்றன. ஒரு விரல்கூட அசையவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. எங்கோ ஒருவர் இருமினார். தங்கை இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

ஏழு. எட்டு.

யாரும் தட்டவில்லை. வயலின் தொடங்கியது.

ஓ, இப்படியா இருக்கும் இது! நோட்டில் வெறும் கறுப்புப் புள்ளிகளாகத்தான் அவளுக்கு இது தெரியும். ரகசியம் சொல்வதற்கு முன் தயங்குவதுபோல் அது தயங்கியது, பிறகு சொல்லியேவிட்டது. அண்ணா, இதையா எழுதி வைத்திருந்தாய்? அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

கைகள் மெல்ல இறங்கின. அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

பக்கத்து நாற்காலிக்காரர் அவளைக் குனிந்து பார்த்தார். “என்னங்க, பிடிக்கலையா? தட்டவே இல்லையே?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றும் நடத்துநரின் கைகள் மேலேதான் நின்றன. அவள் கண்ணால் பார்த்தாள். பெருமை தாங்காமல் அரங்கத்தில் முதலில் கைதட்டியது இருபத்து மூன்று வயதுத் தங்கை.

அண்ணன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.