ராட்டின வாசல்

"வண்டிய உள்ள தள்ளக்கூடாது மக்கா. பிள்ளைய முழிக்க வச்சு, மடியில வச்சுத்தான் ஏறணும்" என்றார் பூங்காவின் ராட்டின வாசலில் காவல் நின்ற ஞானதாசன்.

தள்ளுவண்டியில் பிள்ளை வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் ஒறங்கினா. முழிச்சா ஊரக் கூட்டிருவா" என்றாள் அபினா. "வண்டிய இங்கன விட்டுட்டு நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வந்திரட்டா?"

"ஆளில்லாம பிள்ளைய விடக்கூடாது."

"அப்ப நீங்க பாத்துக்கிடுங்க."

"டூட்டியில நிக்கியவன் பிள்ளை பாக்கக்கூடாது. அதுவும் சட்டம்தான்."

"நாளைக்கு எனக்கு குவைத்துக்கு பிளைட்டு. இன்னைக்கி விட்டா இனி எப்ப?"

"தள்ளி நில்லு. வரிசை போகட்டும்."

வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மனுசன் நீரு! ஒமக்குப் பெம்பிளப் பிள்ளைய கெடையாதா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. ஐந்து மணிக்கு அடுத்த காவலாள் வந்ததும் தொப்பியையும் விசிலையும் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு உண்டும்மா. அது இவதான்" என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு மகளிடம், "இனி நான் பேத்திக்குத் தாத்தா. நீ போய் ஏறு" என்றார்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவர் டூட்டி முடியும்வரை இந்தக் கம்பிவேலியைப் பிடித்தபடி அண்ணாந்து நிற்பாள் எட்டு வயது அபினா. ஏறணும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. டிக்கெட் விலை அவளுக்கும் தெரியும்.

ராட்டினம் சுழன்று மேலே போனது.

"அப்பா, இங்கேருந்து கடலு தெரியுது!"

இருபது வருடமாக அந்த வாசலில் நிற்கும் ஞானதாசனுக்கு அது அன்றுதான் தெரிந்தது.