ஒலிம்பியாவுக்குப் போகாதவள்

கிரேக்கர்களின் விளையாட்டுத் திருவிழா நடக்கும் ஒலிம்பியாவை மிர்த்தோ பார்த்ததே இல்லை. ஆனால் கண்ணை மூடினால் போதும், அந்த வெயிலும் புழுதியும் தேர்ப்பந்தயமும் அவளுக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

“ஆத்தங்கரையில மரத்தடியாப் பார்த்துக் கூடாரம் போடுங்க. வெயில் கொளுத்துமாம்,” என்றாள், கணவனின் மூட்டையில் அத்திப்பழங்களைத் திணித்தபடி.

தாமோன் சிரித்தான். “நேர்ல பார்த்துட்டு வந்தவ மாதிரியே பேசுறியேடி! பந்தயம் நடக்கறப்ப கல்யாணமான பொம்பளை அந்த ஆத்தைத் தாண்டினாலே மலை உச்சியிலிருந்து உருட்டி விட்டுடுவாங்க, தெரியும்ல?”

“தெரியும். நான் இங்கயே கிடக்கறேன். நம்ம குதிரைங்க ஜெயிச்சா என்ன நடக்கும், இன்னொரு தடவை சொல்லுங்களேன்.”

“எக்காளம் ஊதுவாங்க. கூட்டம் கப்சிப்னு அடங்கிடும். அறிவிப்பாளன் எழுந்து ஜெயிச்சவன் பேரு, அப்பன் பேரு, ஊருன்னு கணீர்னு சொல்லுவான். அப்புறம் ஒலிவ இலைக் கிரீடம்!”

மிர்த்தோ கண்களை மூடிக்கொண்டாள். அந்தக் குரல் மலைகளைத் தாண்டி அவள் வீட்டு முற்றம்வரை மிதந்து வந்தது.

“போனதும் அந்த அறிவிப்பாளனைப் பிடிச்சு, பேரைச் சொல்லிப் பழக்கி வைங்க,” என்றாள்.

“எதுக்கு? காலங்காலமா பேர் சொல்றவன்டி அவன்!”

“கிரீடம் தேர் ஓட்டுறவனுக்கும் இல்ல, கூடப் போற உங்களுக்கும் இல்ல, குதிரைக்குச் சொந்தக்காரங்களுக்குத்தானே? அதுங்க எங்கப்பா எனக்குக் கொடுத்த சீதனம். அந்த மைதானத்துல ஒரு பொம்பளை பேரை அவன் வாய் சொன்னதே கிடையாது. நாக்கு குழறிடப் போகுது, பாவம்!”