பாங்க் கொடுத்த டிக்கெட்

"எதுக்குடா இத்தனை அட்டை? சீட்டுக்கட்டு மாதிரி அள்றியே!"

அக்காவின் குரல் அந்த சூப்பர் மார்க்கெட்டின் கடைசி மூலை வரைக்கும் கேட்டிருக்கும். பில் கவுன்ட்டர் பக்கத்தில் தொங்கிய கிஃப்ட் கார்டுகளில் இன்னும் இரண்டை உருவிக் கூடையில் போட்டான் தம்பி.

"எத்தனை தடவைக்கா சொல்றது? இந்தக் கடையில கிரெடிட் கார்டு தேய்ச்சா பாயின்ட் ஜாஸ்தி. இந்தக் கிஃப்ட் கார்டை வாங்கி வெச்சுக்கிட்டா துணிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல்னு வருஷம் பூரா இதுலேயே செலவு பண்ணிக்கலாம். எப்படியும் பண்ணப்போற செலவுதானே! நடுவுல பாயின்ட் சேரும். அந்தப் பாயின்ட்டுக்கு பாங்க் உனக்கு விமான டிக்கெட் கொடுக்குது."

"அப்போ உன் காசு இல்ல?"

"ஒரு பைசா இல்ல."

"சத்தியமா?"

"அட, ஆமாங்கறேன்!"

"உன் காசுன்னு தெரிஞ்சுது, அப்புறம் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அப்பா அம்மா போன பிறகு அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் பெட்டி ஒட்டியே அவனை ஆடிட்டர் ஆக்கியவள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் பார்க்காதவள். முதல் சம்பளத்தில் அவன் அனுப்பிய பணத்தை, மேற்கொண்டு கொஞ்சம் சேர்த்துத் திருப்பி அனுப்பிய மகராசி! "தம்பிகிட்ட கை நீட்டவா உன்னை வளர்த்தேன்?" என்று கேட்டவளிடம் மேலே என்ன பேசுவது?

பாயின்ட் என்று ஒன்று வந்ததோ, அவன் பிழைத்தானோ! பாங்க்காரன் கொடுப்பதை வாங்குவதில் அக்காவுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஜம்மென்று பறந்து வந்து இரண்டு வாரம் தங்குவாள். அந்த இரண்டு வாரமும் அவன் ஐம்பது வயது ஆடிட்டர் இல்லை, அக்காவின் பொடியன். மீதி வருஷத்தை அதை நினைத்தே ஓட்டிவிடுவான்.

நாளைக்கு அவள் ஊர் திரும்புகிறாள். அதற்குள் அடுத்த பயணத்துக்குச் சரி என்று சொல்ல வைத்துவிட வேண்டும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் வேலைக்குப் புதிது போலிருக்கிறது. கார்டுகளைப் பார்த்ததும் அக்கறையாகக் கேட்டாள்.

"பாயின்ட்டுக்காக வாங்கறீங்களா சார்? கிஃப்ட் கார்டுக்குப் பாயின்ட் தர்றதை எல்லா பாங்க்லயும் நிறுத்திட்டாங்களே. ரெண்டு வருஷமாச்சு சார்!"

அவன் அவசரமாக, அக்கா பின்னால் நிற்கிறாள் என்று கண்ணைக் காட்டினான்.

"கண்ல தூசியா சார்?" என்றாள் அந்தப் புண்ணியவதி.

பாயின்ட் பற்றி அவள் சொன்னது நிஜம்தான். போன தடவையும் இந்தத் தடவையும் அக்கா வந்தது முழுக்க அவன் காசில். இந்தக் கார்டு வாங்குகிற கூத்தெல்லாம் அவள் கண்ணுக்காக. ஊரார் கணக்கில் பொய்யைக் கண்டுபிடிப்பது அவன் தொழில். சொந்தமாக ஒரு பொய் சொல்வதென்றால்தான் ததிங்கிணத்தோம்.

திரும்பிப் பார்த்தான். அக்கா சாக்லெட் விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா, இல்லையா? ஒன்றும் புரியவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள். "அந்தப் பொண்ணு என்னமோ சொல்லிச்சே?"

"அதுவா... அது புதுசுக்கா. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஓஹோ."

அந்த 'ஓஹோ' அவனுக்குப் பிடிக்கவில்லை. படபடவென்று பேசத் தொடங்கிவிட்டான்.

"ஓசியில வந்தா ஏன்க்கா சந்தேகப்படறே? நீ மட்டும் என்ன பண்ணினே? சோப்பு உறையைச் சேர்த்து அனுப்பிப் பரிசு வாங்கலையா?"

அக்கா முகம் சட்டென்று மலர்ந்தது. "அடேயப்பா, அதெல்லாம் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"மறக்குமா? சோப்பு சீக்கிரம் தீரணும்னு ஒரு நாளைக்கு மூணு வேளை குளிச்சேனே!"

"காதுல நுரையோட ஸ்கூலுக்குப் போவே. வாத்தியார் சிரிப்பார்."

"அந்த ஒத்தை ரூம்ல, பாய் மேல உறையெல்லாம் பரப்பிப் போட்டு நீவி நீவி அடுக்குவோம். ரூம் முழுக்க வாசனையா இருக்கும்." அவன் குரல் இளகிவிட்டது. "நீ மத்தியானம் சாப்பிடாம ஓவர்டைம் பார்க்கறேன்னு தெரிஞ்சப்புறம், உன் காசுல எது வாங்கினாலும் தொட மாட்டேன்னு நான் வீம்பு பிடிச்ச சமயம் அது. அந்த சோப்புக் கம்பெனி மட்டும் இல்லேன்னா எனக்கு ஏது ஜியாமெட்ரி பாக்ஸ்? கேன்வாஸ் ஷூ கூட அனுப்பினான். என் கால் அளவுக்கு அச்சா இருந்துச்சேக்கா! அப்புறம் பரீட்சைக்கு வாட்ச். அதைக் கட்டிக்கிட்டு எழுதப் போனப்போ என்னைவிடப் பணக்காரன் எவனும் இல்லேன்னு இருந்துச்சு."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"சரி, அடுத்த தடவைக்கும் டிக்கெட் போடு."

"நிஜமாவா?"

"ஆமாடா. ஜன்னலோர சீட்டா பார்த்துப் போடு."

அப்பாடா, தப்பித்தோம் என்று அவன் காரைக் கிளப்பினான். அக்கா அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

"ஆனா ஒண்ணு. இனிமே என்கிட்ட பொய் சொல்றதா இருந்தா, எப்படிச் சொல்றதுன்னு என்னைக் கேட்டுக்கோ. அத்தனை உறைக்கும் சேர்த்து அந்த சோப்புக் கம்பெனிக்காரன் எனக்கு அனுப்பினது ஒரே ஒரு சீப்புதான்டா!"