மூன்றாம் மதகின் பட்டியல்

நான் போய்ச் சேர்வதற்குள் பீட்டர் அண்ணன் முக்கால்வாசி நாற்றைப் பறித்துவிட்டிருந்தார்.

வரப்பு நெடுக நாற்றுக் கட்டுகள். அவர் மனைவி ஷீபா அக்கா குனிந்த தலை நிமிராமல் இன்னும் பறித்துக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா காலத்துலேர்ந்து நம்ம கழனிக்குக் கடைசியாதான் தண்ணி. காலைல போனைப் பாத்தா முதல்ல நம்ம பேரு கீது. ரெண்டு பேரும் நாஷ்டா கூட துன்னாம வந்துட்டோம் கல்பனாம்மா" என்றார் பீட்டர் அண்ணன்.

நான் தலையை ஆட்டினேன்.

அந்த மெசேஜை அனுப்பியது என் புரோகிராம். ஏரித் தண்ணீரை யார் எந்த நாளில் பாய்ச்ச வேண்டும் என்பதை விடிகாலையில் எல்லோருக்கும் அது சொல்லிவிடும். பாசன சங்கத் தலைவர் என் அப்பா முனிரத்தினம். மூன்றாம் மதகில் முதல் கழனியும் அவருடையதுதான்.

ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒரு பெரிய பட்டியலுக்குள்.

நேற்று சாயங்காலம் பெரிய பட்டியலை நகல் எடுத்தேன். நகலில் மட்டும், மூன்றாம் மதகில், பீட்டர் அண்ணன் பெயரைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவந்தேன். திரையிலாவது ஒரு தடவை அவர் பெயர் மேலே இருக்கட்டும் என்று ஓர் ஆசை. பார்த்தேன், மூடினேன், தூங்கப் போனேன்.

நகலானது வெளிப் பட்டியல் மட்டும்தான். உள்ளே இருந்த மதகுப் பட்டியல்கள் நகலுக்கும் அசலுக்கும் பொது. அங்கே மாற்றியது இங்கேயும் மாறிவிட்டது. உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. காலேஜில் இரண்டு மார்க் கேள்விக்கு இதையே எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் மெசேஜைப் பார்த்த அப்பா திட்டவில்லை. சரி பண்ணிவிடு என்று மட்டும் சொன்னார். இந்த ஒரு தடவை இப்படியே இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். மேலே இருந்து கீழேதான் முறை, நீ மாற்றுவதற்கில்லை என்றார்.

பட்டியலைச் சரி செய்ய எனக்கு ஒரு நிமிடம் போதும். பறித்த நாற்று இரண்டு நாள் தாங்கினால் பெரிது. பீட்டர் அண்ணனுக்கு முறை வர இன்னும் ஒன்பது நாள். உத்திரமேரூர் போய் வேறு விதை வாங்கி வந்து விதைத்தாலும், அது நாற்றாவதற்குள் ஏரி வற்றிவிடும். இந்தப் போகம் அவ்வளவுதான். அவருக்கு இருப்பது குத்தகைக்கு எடுத்த இந்த ஒரு கழனி.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எத்தினி மணிக்குத் திறக்கறாங்கன்னு தெர்ல. அப்பவே மெசேஜ் சத்தம் கேட்டுது, கை பூரா சேறு. சட்டைப் பையில கீது, எடுத்துப் படிச்சுச் சொல்லேம்மா."

வேலிமரத்தில் மாட்டியிருந்த சட்டையிலிருந்து போனை எடுத்தேன்.

திருத்திய பட்டியல் ஏழு பத்துக்கு வந்திருந்தது. அதை அனுப்பிவிட்டுத்தான் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அவர் அதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்றுதான் ஓடி வந்தேன்.