ஓட்டுறவங்க எடை

"மாப்பிள்ளை, ரெண்டு குழந்தைக்கு அப்பா நீங்க. இன்னும் ரேஸ், ரேஸ்னு சுத்துறது உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஒர்க்‌ஷாப் வாசலில், இடுப்பைப் பிடித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினார் மாமனார். வழியில் இருந்த அத்தனை வேகத்தடைகளும் அவர் முதுகெலும்பை நலம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தன.

"இந்தக் குலுக்கலை நிறுத்தத்தான் மாமா வந்திருக்கோம். இப்ப இருக்கிற ஸ்பிரிங் ரேஸ் டிராக்குக்கு மட்டும்தான் லாயக்கு. இன்னிக்குப் போடப் போறது ரோட்டுக்கும் ஆகும், டிராக்குக்கும் ஆகும்."

"டிராக்கே வேண்டாம்னுதானே நான் தொண்டை கிழியக் கத்துறேன்!"

மருமகன் பதில் பேசவில்லை. இதுதான் மாமனாருக்குப் புரியாத புதிர். மற்ற விஷயங்களில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனிதர், ரேஸ் பேச்சை எடுத்தால் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்.

"என் பொண்ணு வாயில்லாப் பூச்சி. வீட்டுல தினம் பயந்து பயந்து செத்துட்டிருப்பா. கடைசியாச் சொல்றேன். இதை நீங்க விடலேன்னா, அவளையும் குழந்தைங்களையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மருமகன் கார் சாவியை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

புது ஸ்பிரிங்குகள் நான்கும் ஏறியதும், மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஓர் எடை மெஷினைத் தள்ளினார். மாமனாருக்குக் கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் ஆர்வம் சும்மா விடவில்லை. கிட்டே போய் எட்டிப் பார்த்தார்.

"காரை எதுக்குப்பா நிறுக்கிறே?"

"எந்தச் சக்கரத்து மேல எவ்வளவு பாரம் விழுதுன்னு பார்த்துத்தான் சார் ஸ்பிரிங் உயரத்தை வைக்கணும். இல்லேன்னா வளைவுல கார் இழுத்துட்டுப் போயிடும். ஓட்டுறவங்க எடையும் சீட்டுல இருக்கணும்."

"அப்ப ஏறி உட்காருங்க மாப்பிள்ளை."

மருமகன் ஏறவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் மெக்கானிக் இரண்டு மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து டிரைவர் சீட்டில் வைத்தார்.

"ஐம்பத்தி நாலு கிலோ. சரியா இருக்கும்."

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். தொண்ணூறுக்குக் குறையாத உடம்பு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆள் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறார், அவரை விட்டுட்டு மணலை உட்கார வைக்கிறியே! அதுவும் பாதி ஆள்தான் தேறும்!"

"இவர் எங்க சார் ஓட்டுறார்? டிராக்குல இவர் குழந்தைங்களை வச்சுக்கிட்டு வெளியில நிப்பார். ஓட்டுறது மேடம்தான்."

மாமனாரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"மாமா..." மருமகன் மெல்ல ஆரம்பித்தார். "சின்ன வயசுல அவ விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டான்னு சைக்கிளையே வித்துட்டீங்களாமே. தெரிஞ்சா இதையும் நிறுத்திடுவீங்கன்னு பயந்தா. திட்டு என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்."

மாமனார் அந்த மணல் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. வாயில்லாப் பூச்சி தன்னிடம் மட்டும்தான் வாயில்லாமல் இருந்திருக்கிறது.

பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, இதுல ஹெல்மெட் எடையைச் சேர்த்தியா? சேர்க்கலேன்னா சேர்த்துக்கோ. அது இல்லாம என் பொண்ணு ஓட்டக் கூடாது!"